சிவபாதம் அண்ணையின் பெர்மிட் கார்

வரிச்சலுகைக் கார் என்ற பேச்சு வந்தாலே இங்கே ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு முகம் மாறிவிடும். சென்ற மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் சாப்பாடு முடிந்து ஆண்கள் ஒரு மூலையில் கூடியிருந்தபோதும் இதே பேச்சுத்தான். கொழும்பில் அரச அதிகாரிகளுக்குக் கொடுக்கும் வாகன பெர்மிட்டை அடியோடு நிறுத்த வேண்டும், அவ்வளவு பேரும் கள்ளர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட கார்களைக் கப்பல் ஏற்றுவதிலேயே போனது என்பது அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கள்ளர்களை நானும் கண்டிருக்கிறேன். மூன்று பெர்மிட்டை மூன்று பேரிடம் வாங்கி மூன்று கார் அனுப்பியவரையும் தெரியும். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து படுத்தபோது எனக்கு நினைவில் வந்தவர் சிவபாதம் அண்ணை. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் எண்பதுகளின் நடுவில் பேர்லின் வழியாக அகதியாக வந்து பான் நகரில் ஒதுங்கியவன். பான் அப்போது மேற்கு ஜெர்மனியின் தலைநகரம். தூதரகங்கள் எல்லாம் ரைன் நதிக்கரையோரம் வரிசையாக இருந்தன. வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கார் எடுத்துக் கொடுத்து, அவர்கள் நாடு திரும்பும்போது அதைக் கப்பலில் அனுப்பி வைக்கிற ஒரு சிறு நிறுவனத்தின் முற்றத்தில் கார் கழுவும் வேலை கிடைத்தது. கழுவினேன், தள்ளினேன், கொள்கலனுக்குள் ஏற்றிச் சில்லுகளுக்குக் கட்டை வைத்துப் பட்டியால் இறுக்கினேன். இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. ஒருநாள் ஆங்கிலத்தில் வந்த ஒரு கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் இல்லாமல் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அதன் பிறகு நான் முற்றத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

கூப்பிட்டவர் ஏற்றுமதிப் பிரிவின் தலைவி, ஃபிராவ் க்ரோல், அதாவது திருமதி க்ரோல். ஐம்பது வயதைத் தாண்டியவர். கட்டையாக வெட்டிய நரைமுடி, காலில் எப்போதும் தட்டையான சப்பாத்து. சுங்கத்தோடு தொலைபேசியில் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவார். "இருந்து பேசினால் குரல் கெஞ்சும்" என்பார். வாடிக்கையாளர் வந்து "என்னுடைய கார்..." என்று தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்தி, "முதலில் உங்கள் பெயர். எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்" என்பார். சலுகை மனிதனுக்குத்தான், காருக்கு இல்லை. பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அந்தப் பக்கத் துறைமுகத்தில் கார் மாதக்கணக்கில் காயும் என்பதை எங்களுக்கு அவர் அப்படித்தான் பழக்கினார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. யாராவது விதிக்குப் பொருந்தாத ஒன்றைக் கேட்டால் "இப்படி முடியாது" என்று மட்டும் சொல்வார். பிறகு கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருப்பார். எப்படி முடியும் என்ற இரண்டாவது வாக்கியம் அதன் பிறகு வரும். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே பல தூதரகங்களிலிருந்து எங்களைத் தேடி வந்தார்கள்.

எங்கள் நாட்டு அதிகாரிகளின் கார்களுக்கு இருந்த விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பணி முடித்துத் திரும்புகிற அதிகாரி ஒரு காரைச் சலுகை வரியில் கொண்டுபோகலாம். கார் அவருடைய பெயரில் இருக்க வேண்டும், இங்கே அவரே அதைப் பாவித்திருக்க வேண்டும். கார் ஏறியதும் கப்பல்காரர் எழுதித் தரும் கப்பல் சீட்டின் திகதியில் காருக்கு மூன்று வயது தாண்டியிருக்கக்கூடாது. போய் இறங்கிய பிறகு ஐந்து வருடம் விற்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஓடுவதோ இடப்பக்க ஸ்டியரிங் கார்கள். ஆகவே எங்கள் ஆட்களும் இந்தியர், கென்யர் போன்றவர்களும் வலப்பக்க ஸ்டியரிங்கைத் தொழிற்சாலையில் சொல்லிச் செய்வித்து, அதையே இந்தத் தெருக்களிலும் ஓடினார்கள். வாகனத் தரிப்பிட வாசலில் சீட்டுப் பொறி இடப்பக்கம் நிற்கும். மனைவிமார் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டிச் சீட்டை எடுப்பார்கள். தெருவில் போகும்போதே எந்தக் கார் எந்த நாட்டுக்குப் போகப்போகிறது என்று நான் ஊகிப்பேன்.

சிவபாதம் அண்ணை முதன்முதல் வந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். மெலிந்த மனிதர், ஐம்பது வயது மதிக்கலாம். சாம்பல் நிறக் கோட்டு தோளில் கொஞ்சம் பெரிதாகத் தொங்கியது. என் மேசையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்.

"தம்பி யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"நான் இலங்கைத் தூதரகத்தில கணக்குப் பகுதியில இருக்கிறன். இப்பவே சொல்லிப்போடுறன். பிறகு தெரிஞ்சு நீங்கள் சங்கடப்படக்கூடாது. விருப்பமில்லையெண்டால் வேற ஆளிட்டப் போறன்."

ஊரில் அரசாங்கம் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். அந்த அரசாங்கத்தின் கட்டடத்துக்குள் ஒரு தமிழன் சம்பளம் வாங்குகிறான் என்றால் எங்கள் இளைஞர்கள் அவனை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்கோ ஐயா" என்று கதிரையைக் காட்டினேன். "உங்கட பேரை எழுத்து எழுத்தாய்ச் சொல்லுங்கோ."

இருபத்தெட்டு வருட அரச சேவையில் அவர் கேட்ட முதல் சலுகை அந்தக் கார். யாழ்ப்பாணத்து அரியாலையில் இருந்த வீடு சண்டையில் போய்விட்டது. இரண்டு மகள்மாரும் கொழும்பில் உறவினர் வீட்டு அறையொன்றில் இருந்து படித்தார்கள். சலுகையில் இறக்கிய ஒரு ஜெர்மன் காரை ஐந்து வருடம் வைத்திருந்து விற்றால் கொழும்பு வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு தொடர்மாடி வீடு வாங்கலாம். சம்பளத்தால் அவருக்கு அது ஒருநாளும் முடியாது. கடன் எடுத்து, மிகச் சாதாரண மாதிரியில், கடும் நீல நிறத்தில் ஒரு காருக்குச் சொல்லி வைத்தார்.

கார் வந்தபின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது அலுவலாக வருவார். பக்கத்து இருக்கையில் அவருடைய மனைவி மனோன்மணி அக்கா இருப்பார். முற்றத்து வாசலில் வந்து நின்றதும் அக்கா முதலில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துக் கையைக் காட்டுவார். அதன் பிறகுதான் கார் உள்ளே ஊர்ந்து வரும். சிவபாதம் அண்ணை தன்னுடைய சப்பாத்தைத் துடைத்துவிட்டுத்தான் காருக்குள் ஏறுவார் என்று எங்கள் முற்றத்துப் பையன்கள் சிரிப்பார்கள். கொஞ்சக் காலத்தில் ஐயா என்பது அண்ணை ஆகிவிட்டது.

பணி முடிந்து திரும்பச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. கடைசி வேலை நாளும் முடிந்தது. காரைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டார். நானும் அவரும் முன்மூடியைத் திறந்து, எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்து, உலோகத்தில் பொறித்திருந்த சட்டக இலக்கத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தோம். கொழும்பில் அதைக் கேட்பார்கள். ஒவ்வோர் இலக்கமாக அவர் உரத்து வாசிக்க நான் உரிமைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தேன். "சரி தம்பி, இனி இது கடலின்ர பொறுப்பு" என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தார். அடுத்த வாரம் கப்பல்.

கப்பலுக்கு முன்னமே, அதே வாரத்தில் ஒரு காலை கடைக்குப் போன இடத்தில் அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, இவர் போயிட்டார்" என்றார். பிறகு, தான் என்ன சொல்கிறார் என்று தெரியாமலே, "காரை என்ன செய்யிறது?" என்றார். உடனே அழத் தொடங்கினார்.

நான் அப்போது இராசன் என்ற நண்பனோடு ஒரே வீட்டில் இருந்தேன். உணவகச் சமையலறையில் வேலை செய்தவன். அவனுடைய தம்பியை ஊரில் பிடித்துக்கொண்டு போன இராணுவத்தினர் திருப்பித் தரவில்லை. நான் செத்த வீட்டுக்குப் போக வெளிக்கிட்டபோது அவன் கதவடியில் நின்றான்.

"எங்க போறாய்?"

"சிவபாதம் அண்ணையின்ர அலுவலுக்கு."

"அவங்கள் எங்களுக்குச் செய்தது காணாதோ? அவையின்ர ஆளுக்கு நீ போய் மாலை போடப் போறியோ?"

"மச்சான், அந்த மனிசி தனிய நிக்குது."

"என்ர அம்மாவும் தனியத்தான் நிக்கிறா" என்றான் இராசன். அவன் சொன்னது உண்மை. ஆனாலும் போனேன்.

சுடலை மண்டபத்தில் தூதரகத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் சிங்களவர். கறுப்புக் கோட்டுடன் ஃபிராவ் க்ரோல். வெளியிலிருந்து வந்த தமிழன் நான் ஒருவன். தேவாரம் பாட ஆள் இல்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரேயொரு தேவாரந்தான் ஞாபகம். நடுவில் ஓர் அடி மறந்து நான் தடுமாறியபோது அக்கா அந்த அடியை எடுத்துக் கொடுத்தார். மீதியை இரண்டு பேருமாகப் பாடி முடித்தோம்.

ஒரு கிழமை கழித்து அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவரோடு தூதரகத்தின் மேலதிகாரி திருமதி வீரக்கோனும் வந்திருந்தார். உயரமான, அளந்து பேசுகிற பெண்மணி. எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினோம். "சலுகை அதிகாரிக்கு உரியது. அதிகாரி இல்லையென்றால் சலுகையும் இல்லை. முழு வரியும் கட்டத்தான் வேண்டும்" என்றார் திருமதி வீரக்கோன். கல்நெஞ்சோடு சொல்லவில்லை. சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார். முழு வரி காரின் விலையைவிடக் கூடுதல்.

இங்கேயே விற்கலாம் என்றால் வலப்பக்க ஸ்டியரிங். ஜெர்மன்காரன் எவன் வாங்குவான்? அந்நாளில் எங்கள் மாநிலத்தில் பிரிட்டிஷ் படை முகாம்கள் இருந்தன. அந்தச் சிப்பாய்களுக்கு விற்கிற ஒரு தரகர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அண்ணையின் கடனை அடைக்கக்கூட அது போதாது. கார் பெறுமதியாக இருக்கக்கூடிய ஒரே நாட்டுக்குள் அது போக முடியாமல் நின்றது.

அன்று மாலை அக்காவின் தமையன் கொழும்பிலிருந்து அவருக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். கப்பல் சீட்டின் திகதியை மரணத்துக்கு முந்திய நாளாகப் போடுவித்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். அக்கா அடுத்த நாளே வந்து ஒளிக்காமல் கேட்டார்.

"தம்பி, அப்பிடிச் செய்யேலுமோ?"

செய்யக்கூடிய ஆட்கள் துறைமுகப் பக்கம் இருந்தார்கள். எனக்கும் தெரியும். நான் அந்தக் கேள்வியை ஃபிராவ் க்ரோலிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டுவிட்டு "இப்படி முடியாது" என்றார். பென்சிலை உருட்டினார். நான் காத்திருந்தேன். பென்சிலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலடிக்குப் போய், முற்றத்தில் நின்ற நீலக் காரைப் பார்த்தார். இரண்டாவது வாக்கியம் வரவில்லை. அவரோடு வேலை செய்த அத்தனை வருடத்தில் அது வராமல் போனதை அன்றுதான் கண்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா தானே பேசினார்.

"வேண்டாம் தம்பி. கேட்டுப்போட்டன், ஆனால் இரவு முழுக்க இதைத்தான் யோசிச்சனான். அவர் விழுறதுக்கு முதல் நாள் பின்னேரம் எனக்குக் கோப்பி போட்டுத் தந்தவர். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தனாங்கள். அந்த நாளில நாங்கள் துறைமுகத்தில நிண்டதெண்டு பொய் எழுதினால், எனக்கு அந்த நாள் இல்லாமல் போயிடும். அது ஒண்டுதான் இப்ப என்னட்ட மிச்சம்."

இதை அப்படியே ஜெர்மனில் ஃபிராவ் க்ரோலுக்குச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"யோகநாதன், அந்த உரிமை எப்போது பிறக்கிறது? கார் போய் இறங்கும்போதா, அல்லது மனிதர் தன் வேலையை முடித்த நாளிலா?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. திருமதி வீரக்கோனைக் கேட்டோம். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விதியில் அப்படி ஒரு வரி இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். "அப்படியானால் கேட்போம்" என்றார் ஃபிராவ் க்ரோல்.

கேட்டோம். சிவபாதம் என்ற அதிகாரி பணியை முழுமையாக முடித்தவர், காரை விதிப்படி வைத்திருந்தவர், முடித்த பின்னரே இறந்தவர், ஆகவே அவர் உழைத்த சலுகையை மனைவிக்குத் தர வேண்டும் என்று கொழும்புக்கு எழுதினோம். அதன் கீழே திருமதி வீரக்கோன் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். அப்படிச் செய்ய அவருக்கு எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை. கையெழுத்திட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"என் எழுத்தை ஒரு மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். நீங்கள் நேரில் போய் நிற்க வேண்டும். உங்களைப் பார்க்கப் பார்க்கத்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும்."

அக்காவுக்கு இங்கே தங்கும் உரிமையும் முடிந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர், "அகதி அன்ட்ராக் போடுங்கோவன், பிறகு பிள்ளையளைக் கூப்பிடலாம்" என்று, இங்கேயே அகதி விண்ணப்பம் போட யோசனை சொன்னார். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "பிள்ளையள் அங்க அழுதுகொண்டிருக்குதுகள். நான் இங்க இருந்து ஆருக்கு விண்ணப்பம் போடுறது?" சாம்பற் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் விமானம் ஏறினார்.

கார் எங்கள் முற்றத்தில் நின்றது. இடம் பிடிக்கிறது என்று நிறுவனத்தின் முதலாளி ஒருமுறை முணுமுணுத்தார். ஃபிராவ் க்ரோல் தன்னுடைய சொந்தக் காரை வெளியே தெருவில் விட்டுவிட்டு, தன் இடத்தில் நீலக் காரை நிறுத்தச் சொன்னார். அதன் பிறகு முதலாளி பேசவில்லை. கிழமைக்கு ஒருமுறை நான் போய் எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு அணைப்பேன். வலப்பக்கத்தில் இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது, அண்ணை எந்த நிமிடமும் வந்து சாவியைக் கேட்பார் போல் இருக்கும்.

அக்கா தொலைபேசி எடுப்பார். அமைச்சின் மூன்றாம் மாடி நடைபாதையில், ஆட்கள் குந்தியிருக்க ஒரு நீண்ட வாங்கு இருக்கிறதாம். அதில் காலையில் போய் இருந்தால் மத்தியானம் ஒரு ஆள் வந்து "இன்னும் வரவில்லை" என்று சொல்வாராம். சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய்வருவதே பெரிய பாடு. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் பிறந்த நீ அமைச்சில் என்ன செய்கிறாய் என்று கேட்பார்களாம். "என்ன சொல்லுவியள் அக்கா?" என்றேன். "என்ர மனிசன் அரசாங்கத்துக்கு வேலை செய்தவர், அரசாங்கத்திட்ட ஒரு கேள்வி கேட்க வந்தனான் எண்டுவன்" என்றார்.

மாதங்கள் போயின. எனக்குள் வேறொரு பயம் வளர்ந்துகொண்டிருந்தது. காருக்கு மூன்று வயது முடியப்போகிறது. முடிந்துவிட்டால் அனுமதி வந்தாலும் வந்ததுதான், பயனில்லை.

அனுமதி வந்த நாள் ஒரு புதன்கிழமை. தொலைநகல் பொறியிலிருந்து தாள் பாதி வெளியே வந்ததும் நான் இழுத்தே விட்டேன். விசேடமாகக் கருதி, இறந்த அதிகாரியின் மனைவிக்கு அதே சலுகை, அதே நிபந்தனைகள். அக்காவின் பெயர் ஓர் எழுத்தும் பிழைக்காமல் இருந்தது. ஃபிராவ் க்ரோல் நாட்காட்டியைப் பார்த்தார். காரின் வயது அடுத்த கிழமைத் தொடக்கத்தில் முடிகிறது. பிரேமர்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் வெள்ளிக்கிழமை புறப்படுகிறது. கார்களை ஏற்றிச் செல்லும் லொறிக்காரர்கள் எல்லோரையும் கேட்டோம். அடுத்த கிழமைதான் முடியும் என்றார்கள்.

"நாமே ஓட்டுவோம்" என்றார் ஃபிராவ் க்ரோல்.

அடுத்த நாள் காலை ஏற்றுமதி இலக்கத் தகட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். என்னிடம் அப்போது ஓட்டுநர் உரிமம் இல்லை. ஃபிராவ் க்ரோல் தன் வாழ்நாளில் வலப்பக்கம் இருந்து ஓட்டியதே இல்லை. நெடுஞ்சாலையில் முன்னே ஒரு லொறி போனால் அவருக்கு அதன் பின்புறத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. இடப்பக்கம் இருந்த நான்தான் எட்டிப் பார்த்து, பின்னால் வருவதையும் பார்த்துச் சொல்ல வேண்டும். "இப்போது நீங்கள் முந்தலாம்" என்று ஜெர்மனில் மரியாதையாகச் சொல்லி முடிக்குமுன் இடைவெளி மூடிவிடும்.

"உங்கள் மொழியில் இதற்குச் சின்னச் சொல் இல்லையா?" என்று கேட்டார்.

"போங்கோ" என்றேன்.

"வேண்டாம் என்பதற்கு?"

"பொறுங்கோ."

வூப்பர்டால் நகரைத் தாண்டுமுன் நான் "பொறுங்கோ!" என்று கத்த அவர் போகத் தொடங்கிவிட்டார். பின்னால் வந்தவன் விளக்கடித்து ஒலியெழுப்பிக்கொண்டு போனான். ஃபிராவ் க்ரோல் வெளிறிப்போய், "இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கின்றன. ஒன்றை மாற்றுங்கள், உடனே!" என்றார். பொறுங்கோவை "நில்" என்று மாற்றினோம். என் மேலதிகாரியைப் பார்த்து நில், நில் என்று மரியாதை இல்லாமல் அதட்டிக்கொண்டே மழைக்குள் மூன்ஸ்டர், பிரேமன் எல்லாம் தாண்டினேன். அவர் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

துறைமுகத்தில் சுங்க அதிகாரி முன்மூடியைத் திறந்து, கைவிளக்கைப் பிடித்துச் சட்டக இலக்கத்தைப் பார்த்தார். ஃபிராவ் க்ரோல் நின்றபடியே பெறுநரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். முத்திரை விழுந்தது. தொழிலாளி ஒருவர் ஏறி அமர்ந்து, பக்கம் மாறியிருந்த ஸ்டியரிங்கைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு, காரைக் கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோனார். பின்விளக்குகள் மறையும்வரை நாங்கள் இருவரும் காற்றில் நின்றோம். கப்பல் சீட்டில் வெள்ளிக்கிழமைத் திகதி. காருக்கு மூன்று வயது ஆக இன்னும் சில நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இராசன் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தான். கார் போய்விட்டதா என்று கேட்டான். ஓம் என்றேன். "அந்த மனிசிக்கு எத்தினை பிள்ளையள்?" என்றான். இரண்டு என்றேன். அவன் தலையாட்டிவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை, என்னோடு பேசாமலும் இருக்கவில்லை.

தலைநகரம் பேர்லினுக்கு மாறியபோது தூதரகங்களும் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. ஃபிராவ் க்ரோல் அந்த வருடமே ஓய்வெடுத்துக்கொண்டார். நான் வேறொரு கப்பல் நிறுவனத்தில் அதே மாதிரியான மேசையில் இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது எல்லாம் திரையில் நடக்கிறது. பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கும் ஆள் இங்கே எவரும் இல்லை.

சமாதான காலம் வந்து யாழ்ப்பாணத்து வீதி திறந்தபோது நான் ஊருக்குப் போனேன். வழியில் கொழும்பில் அக்காவைத் தேடிப் போனேன். ஐந்து வருடம் முடிந்து, போன மாதந்தான் காரை விற்றிருந்தார். அந்தக் காசுக்கு வாங்கியது வெள்ளவத்தையில் ஒரு பழைய தொடர்மாடியின் நான்காம் மாடியில் இரண்டு அறை, சின்னக் குசினி, ஒரு பலகணி. சுவர்ப் பூச்சு இன்னும் மணத்தது. மூத்த மகள் வங்கியில் வேலைக்குப் போய்விட்டாள். இளையவள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.

"கார் நல்லா ஓடினதோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு குறையுமில்லை. வாங்கின ஆள் சொன்னார், இவ்வளவு கவனமாய் வைச்சிருந்த கார் தான் கண்டதில்லையாம்."

"அண்ணை அப்பிடித்தானே. கார் எண்டால் அவருக்கு உயிர்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஆர் சொன்னது உங்களுக்கு? அவருக்குக் கார் எண்டால் நடுக்கம். ஊரில சைக்கிளைத் தவிர ஒண்டும் ஓடினதில்லை. பானுக்கு வந்து, இந்தச் சலுகைக்கு அதிகாரியே கார் பாவிச்சிருக்க வேணும் எண்டு வாசிச்ச பிறகுதான் ஓடப் பழகினவர். மூண்டு தரம் சோதினையில பெயில் விட்டவர். ஒவ்வொரு நாளும் காலமை ஏறமுதல் கை வேர்க்கும். நான் ஒரு துவாய்த் துண்டு குடுத்துவிடுவன், ஸ்டியரிங்கைத் துடைக்க."

பலகணிக் கதவு திறந்திருந்தது. கீழே காலி வீதியில் வாகனங்கள் இரைந்தன. அக்கா எழுந்துபோய், புதுப் பூச்சுக் காய்ந்த சுவரில் கையை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு வருசத்துக்கு மேல அந்தப் பயத்தோட ஓடினவர், தம்பி" என்றார். "இந்தச் சுவருக்காக."